வேளாண் கல்லூரி ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி?

ஒரு வேளாண் கல்லூரிக்குப் பொன்விழாவோ நூற்றாண்டு விழாவோ நெருங்கும்போது, விழாக் குழுவின் இரண்டாவது கூட்டத்திலேயே மலர் வெளியிடும் தீர்மானம் நிறைவேறிவிடும். அந்த மலரின் முதல் நாற்பது பக்கங்களைக் ‘கல்லூரி வரலாறு’ என்று ஒதுக்கி, தமிழ் நன்றாக எழுதுபவர் என்று பெயரெடுத்த ஓர் ஆசிரியரின் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். அவர் கையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றே: முதல்வர் அறையில் தொங்கும் பெயர்ப்பலகை, அடிக்கல்லின் ஒளிப்படம், பத்தாண்டுகளுக்கு முன் வந்த இன்னொரு விழா மலர். இவற்றைக் கொண்டு எழுதப்படும் வரலாறு எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயரை மாற்றினால் பொறியியல் கல்லூரிக்குக்கூடப் பொருந்தும். வேளாண் கல்லூரிக்கு மட்டும் உரியவை அதன் நிலமும், அந்த நிலத்திலிருந்து வெளியே போன விதையும்தான். ஆகவே வரலாற்றையும் அவற்றிலிருந்தே கட்டி எழுப்ப வேண்டும் என்பது என் கட்சி. அதை எப்படிச் செய்வது என்பதைக் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதன் கதை நீளமானது, பலமுறை எழுதப்பட்டது. அதனாலேயே எழுதுபவர் எங்கெங்கே இடறி விழுவார் என்பதையும் அதில் தெளிவாகக் காட்ட முடிகிறது.

தொடங்கிய ஆண்டு எது?

முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே தொடக்க ஆண்டு வந்துவிடும். அந்த வரியை எழுதுவதற்கு முன், எது தொடங்கிய ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க் கல்லூரியின் வேரைத் தேடிப் போனால் சென்னை சைதாப்பேட்டைக்குப் போய்ச் சேர்வோம். சர் வில்லியம் டெனிசன் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது சீமையிலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் தருவிக்கப்பட்டன. 1865-இல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை ஒன்று அமைந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றைச் சொல்லும்போது 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. பிற வரலாறுகள் பலவற்றில் அங்கே முறையான வேளாண் கல்வி தொடங்கிய ஆண்டு 1876. கல்லூரி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது 1906-இல். புதிய கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது 1909-இல். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது 1920-இல். முதுகலைப் பட்ட மையமாக ஏற்கப்பட்டது 1958-இல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாகி அதன் அங்கமானது 1971-இல்.

இத்தனை ஆண்டுகளில் எதைப் பிறந்த ஆண்டாகக் கொள்வது? எல்லாமே ஏதோ ஒன்று பிறந்த ஆண்டுதான். பண்ணை ஒன்று, வகுப்பு ஒன்று, கட்டடம் ஒன்று, பட்டம் ஒன்று, சட்டப்படியான நிறுவனம் ஒன்று என ஐந்து பிறப்புகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. விழாக் குழுக்கள் வழக்கமாக இவற்றுள் மிகப் பழையதைப் பிடித்துக்கொள்ளும். கட்டடத்துக்கு வண்ணம் பூசப் பணம் வேண்டுமென்றால் கட்டடத்தின் ஆண்டைப் பிடித்துக்கொள்ளும். எழுதுபவர் இந்த ஐந்தையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை நிறுவும் ஆவணத்தின் பெயரையும் எழுதிவைக்க வேண்டும். ஆவணம் இல்லாத ஆண்டுக்கு எதிரே ‘மலரில் உள்ளது’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இருக்கும்வரை அந்த ஆண்டை உறுதியான வாக்கியத்தில் எழுதக் கூடாது. என் கருத்தில், முதல் மாணவர் குழு வகுப்பில் உட்கார்ந்த ஆண்டே கல்லூரியின் ஆண்டு. நிலம் வாங்கிய ஆண்டு அதற்கு முந்தைய அத்தியாயம். கட்டடம் திறந்த ஆண்டு பிந்தைய அத்தியாயம். நீங்கள் வேறு விதமாகக் கொள்ளலாம், ஆனால் எதைக் கொண்டீர்கள் என்பதை வாசகரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு கல்லூரியின் வெள்ளிவிழா மலருக்கு எழுதியபோது, வாயில் கல்வெட்டில் இருந்த ஆண்டையே தொடக்க ஆண்டாக அச்சிட்டுவிட்டேன். மலர் வெளியான வாரத்தில், ஓய்வுபெற்ற பண்ணை மேலாளர் ஒருவர் தம் பணி நியமன ஆணையை ஒரு பழைய ரெக்சின் பையிலிருந்து எடுத்து என் மேசைமீது வைத்தார். அதில் இருந்த தேதி, நான் ‘தொடக்கம்’ என்று எழுதிய தேதிக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. “கல்லூரி பிறக்கும் முன்னாலேயே நான் சம்பளம் வாங்கியிருக்கேனா சார்?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கல்வெட்டு, கட்டடத்துக்கு உரியது. மூன்று ஆண்டுகள் அந்தக் கல்லூரி ஓர் அரசுக் கிடங்கில் நடந்திருந்தது; அந்த மூன்று ஆண்டுகளும் என் வரலாற்றில் இல்லாமல் போயின.

‘முதல்’, ‘ஒரே’ என்னும் சொற்களிலும் இதே கவனம் தேவை. 1946 வரை தென்னிந்தியா முழுவதற்கும் கோயம்புத்தூர் ஒன்றே வேளாண் கல்வி நிறுவனமாக இருந்தது என்னும் வாக்கியம் பல மலர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதே சென்னை மாகாணத்தில் இருந்த பாபட்லாவில் வேளாண் கல்லூரி தோன்றியது 1945-இல். பெங்களூருக்கு அருகே ஹெப்பாலில் தோன்றிய கல்லூரியின் ஆண்டுதான் 1946. பெரிய பிழை என்று சொல்ல முடியாது, ஓராண்டு வேறுபாடுதான். ஆயினும், ‘ஒரே’ என்று எழுதும் முன் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. இத்தகைய சொல் ஒன்றைக் காணும்போதெல்லாம் எந்த எல்லைக்குள், எந்த ஆண்டு வரை என்னும் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றைச் சேர்க்க முடியவில்லை என்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்.

காரணம் எழுதும்போது

1876-இல் சைதாப்பேட்டையில் வேளாண் கல்வி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். இரண்டையும் அருகருகே பார்க்கிறவருக்குப் ‘பஞ்சத்தின் விளைவாகக் கல்லூரி தோன்றியது’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் பண்ணை அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது. பஞ்சம் தொடங்கிய ஆண்டிலேயே திறந்த ஒரு கல்வி நிலையம் அப்பஞ்சத்துக்கு விடையாகத் திட்டமிடப்பட்டிருக்க முடியாது. பஞ்சத்தின் தடம் பின்னர் வருகிறது: 1880-இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம் மாகாணந்தோறும் வேளாண் துறை வேண்டும் என்றது; சென்னை மாகாணத்தில் 1882-இல் அத்துறை அமைந்தது. காலத்தால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நிகழ்ச்சிகளைக் காரண காரியமாக்குவதற்கு முன், முடிவெடுத்தவர்கள் அந்தக் காரணத்தைத் தங்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று கோப்பில் தேட வேண்டும்.

கோயம்புத்தூருக்கு இடம் மாறிய கதையையும் இவ்வாறே எழுத வேண்டும். இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேதியியலாளரின் அறிக்கை 1893-இல் வெளியாயிற்று. இந்திய உழவர் பொதுவாகப் பிரிட்டிஷ் உழவருக்குக் குறைந்தவர் அல்லர், சில வகைகளில் மேலானவர் என்று அவர் அதில் எழுதியது, சீமைக் கருவிகளோடு தொடங்கிய சைதாப்பேட்டைக் காலத்து எண்ணத்துக்கு நேர் எதிரானது. கர்சன் பிரபு காலத்தில் 1905-இல் பீகாரின் பூசாவில் மைய ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. மாகாணங்களுக்கும் கல்லூரியும் ஆராய்ச்சியும் இணைந்த நிறுவனங்கள் வேண்டும் என்ற முடிவும் அதே காலத்தது. கோயம்புத்தூர் அந்த அலையில் எழுந்தது. அதனால்தான் ‘வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்’ என்னும் அதன் முழுப்பெயரிலேயே ‘கல்லூரி’யும் ‘ஆராய்ச்சி நிலையமு’ம் சேர்ந்து நிற்கின்றன. நிறுவனத்தின் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தால், அதை உருவாக்கியவர்கள் எதை விரும்பினார்கள் என்பது பாதி புரிந்துவிடும். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், ஏன் மாறியது என்று ஒரு பத்தி எழுதுவது வீண் வேலை அன்று.

இடத்தேர்வைப் பற்றி எழுதுபவர் மண்ணைப் பார்க்க வேண்டும். சென்னையை ஒட்டிய ஆற்றோர நிலத்தை விட்டு மேற்கே வந்தால், கரிசலும் செம்மண்ணும் அருகருகே. கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒருபுறம், நொய்யல் பாசனக் குளங்களை ஒட்டிய நன்செய் மறுபுறம். ஒரே வளாகத்துக்குள் நன்செய், தோட்டக்கால், மானாவாரி மூன்றையும் மாணவருக்குக் காட்ட முடியும். அங்கே வந்து அடிக்கல், திறப்பு முதலிய சடங்குகளோடு தொடர்புடைய ஆளுநர் சர் ஆர்தர் லாலியின் பெயர் இன்றும் லாலி ரோடு என்று பேருந்து நடத்துநரின் வாயில் வாழ்கிறது. ஆளுநரைப் பற்றி இரண்டு வரி போதும். மண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம்.

ஆவணங்கள் இருக்கும் இடம்

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். அங்கே ‘வேளாண் கல்லூரி’ என்ற தலைப்பில் தேடினால் பழைய காலத்துக்கு உரியது அதிகம் கிடைக்காது. ஏனென்றால் வேளாண்மை அன்று வருவாய்த் துறையின் ஒரு கிளை. வருவாய் வாரியத்தின் நிலவரித் திட்டம், நில ஆவணங்கள், வேளாண்மை என்ற பிரிவின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் வருவாய்த் துறை அரசாணைகளிலும்தான் கல்லூரியின் கதை சிதறிக் கிடக்கும். நிலம் எடுத்தது, கிணறு வெட்டியது, மாட்டுக்குத் தீவனம் வாங்கியது, உதவித்தொகை உயர்த்தியது எல்லாம் அங்கேதான். ஒவ்வோர் ஆண்டுக்கும் உள்ள அட்டவணைத் தொகுதியை முதலில் வாங்கி, வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு, பிறகு கோப்பைக் கேட்பதே முறை. கன்னிமாரா நூலகத்தில் துறையின் ஆண்டறிக்கைகளைப் பார்க்கலாம்.

அடுத்தது மாணவர்களே நடத்திய இதழ். சென்னை வேளாண் மாணவர் சங்கம் 1911-இல் தோன்றியது. 1913 முதல் அது வெளியிட்ட இதழே இன்று மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல் என்று அறியப்படுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தாண்டிச் சென்று, பழைய தொகுதிகளில் கல்லூரிச் செய்தி, விளையாட்டு, மாநாடு, பணிமாற்றம் முதலிய பக்கங்களைப் படியுங்கள். அரசு அறிக்கை மறைத்ததை அந்தச் சிறிய எழுத்துப் பக்கங்கள் சொல்லிவிடும்.

மூன்றாவது, கல்லூரிக்குள்ளேயே இருப்பது: பண்ணை அலுவலகத்தின் இருப்புப் பதிவேடு, மஸ்டர் ரோல் என்னும் கூலியாள் வருகைப் பதிவேடு, களக் குறிப்பேடு, மழைமானிப் பதிவேடு, விதை வழங்கல் பதிவேடு. இவை எப்போதும் மாடிப்படிக்குக் கீழே, கறையான் மருந்து அடித்த அறையில், உடைந்த தெளிப்பான்களுக்குப் பின்னால் இருக்கும். கழிவுத் தாளாக ஏலம் போகும் முன் அவற்றை ஒளிப்படம் எடுத்துவிடுங்கள். நான் கண்ட களக் குறிப்பேடு ஒன்றில், ஒரு பக்கத்தின் மேல் மூலையில் மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. அதன் கீழே, வேறொரு நாள் வேறொரு பேனாவால், ‘நேற்று எழுதும்போது மழை. 3, 4, 7 பாத்திகளின் எடை மறுபடி எடுக்கப்பட்டது. ஆள் 2’ என்று இருந்தது. மறுபடி எடுத்த அந்த இரண்டு ஆள்களின் பெயர் மஸ்டர் ரோலில் கிடைத்தது. ஒரு சோதனை எப்படி நடந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆண்டறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

நிலத்துக்குத் தனியே தேட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தின் ‘அ’ பதிவேடு, புல வரைபடம், நிலம் எடுத்த அறிவிக்கை ஆகியவற்றிலிருந்து, கல்லூரி வருவதற்கு முன் அந்தச் சர்வே எண்களில் யார் யார் உழுதுகொண்டிருந்தார்கள் என்பதை அறியலாம். உழவர்களுக்காகத் தோன்றிய கல்லூரியின் நிலமும் உழவர்களிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும்; அதைச் சொல்லாமல் விடும் மலர்கள்தான் அதிகம்.

தேதியும் அளவும்

பழைய பதிவேடுகளைப் படிக்கும்போது மூன்று நாட்காட்டிகள் ஒன்றோடொன்று மோதும். நில ஆவணங்கள் பசலி என்னும் நிலவரிக் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை அதன் காலம். ஆகவே பசலி 1316 என்பது 1906 ஜூலையில் தொடங்கி 1907 ஜூனில் முடிகிறது. கணக்கு வழக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வகுப்பு ஆண்டு பெரும்பாலும் கோடை விடுமுறைக்குப் பின் தொடங்கும். ‘1908-09’ என்று ஓர் அறிக்கையில் கண்டால், அது எந்த ஆண்டுமுறை என்பதை அந்த அறிக்கையின் முகப்பிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை ஒரு நாட்காட்டியில் ஓர் ஆண்டிலும், இன்னொன்றில் அடுத்த ஆண்டிலும் விழுவது இப்படித்தான்.

விளைச்சல் எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ஏக்கருக்கு 1,000 பவுண்டு என்பது எக்டேருக்கு ஏறத்தாழ 1,121 கிலோ. மாற்றுவது எளிது, ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதுதான் சிக்கல். அந்த எண் நெல்லுக்கு உரியதா, குத்திய அரிசிக்கு உரியதா? இரண்டுக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு வரும். பருத்தியில் விதையோடு கூடிய பருத்தியா, பஞ்சா? நிலக்கடலையில் காயா, பருப்பா? படி, மரக்கால், வள்ளம் முதலிய அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டவை. அவற்றை மாற்றாமல் அப்படியே எழுதி, ஊரின் பெயரைச் சேர்ப்பதே நேர்மை.

நிலத்தையே ஆவணமாகப் படித்தல்

கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று இருக்கிறது. 1925-இல் அதன் புதிய தொகுதி ஒன்றும் சேர்ந்தது. குறிப்பிட்ட பாத்திக்குக் குறிப்பிட்ட உரம் என்று ஒதுக்கி, ஒன்றுமே இடாத பாத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதையே செய்துவருவதுதான் அந்தச் சோதனை. முதல்வர்கள் மாறினர், ஆட்சி மாறியது, மாகாணம் மாநிலமாகி 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. எருவிட்ட பாத்திக்கு எருவும், வெறும் பாத்திக்கு வெறுமையும் தொடர்ந்தன. நான் இக்கல்லூரியின் வரலாற்றை எழுதுவதாக இருந்தால், முதல் அத்தியாயத்தை அந்த வெறும் பாத்தியின் வரப்பில் நின்றுதான் எழுதுவேன்.

உங்கள் கல்லூரியில் இத்தகைய வயல் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் எந்தப் பண்ணைக்கும் புல வரைபடம் ஒன்று உண்டு. அதன் படி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பண்ணை மேஸ்திரி ஒருவரையும், அங்கே பல ஆண்டுகள் நாற்று நட்ட பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது வரப்பில் நடங்கள். அலுவலகத்தில் ‘ஏ 4’, ‘பி 7’ என்று எண்ணிடப்பட்ட வயலுக்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கும்: புளியமரத்து வயல், மோட்டார் ரூம் காடு, துரை கிணறு. அப்பெயர்களை வரைபடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்த வயலில் விடுதிக் கட்டடம் எழுந்தது, எந்தத் தோப்பு நெடுஞ்சாலைக்குப் போயிற்று என்பவை நடக்க நடக்க வரும்; உட்கார வைத்துக் கேட்டால் வராது. பேட்டி எடுக்கிறேன் என்று ஒலிப்பதிவுக் கருவியை முதலிலேயே நீட்டினால், “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க ஐயா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

விதையின் பெயரைப் படித்தல்

இரகங்களின் பட்டியலை இணைப்பில் தள்ளிவிடுவது வழக்கம். அந்தப் பட்டியல்தான் கல்லூரியின் உண்மையான வெளியுலக வரலாறு. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கோ என்றால் கோயம்புத்தூர், ஏடிடி என்றால் ஆடுதுறை, ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், டிஎம்வி என்றால் திண்டிவனம், பிகேஎம் என்றால் பெரியகுளம். எழுத்து ஊரைச் சொல்லும். ஊர் நிலையத்தைச் சொல்லும். சில பெயர்கள் பதவியையே சுமந்து நிற்கும். 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் புகழ்பெற்ற நெல்லின் முதல் மூன்று எழுத்துகள், அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்னும் பதவியின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தவை. அப்பதவியில் இருந்தவர் எப்.ஆர். பார்னெல்; கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் 1912-இல் அமைந்தது. அதிகாரியின் பதவியில் தொடங்கிய பெயர் பின்னர் ஊரின் பெயராக மாறியது ஒரு நிறுவனம் எப்படித் தன்னை நினைத்துக்கொண்டது என்பதைக் காட்டும் செய்தி. உழவர்களோ அந்த நெல்லைக் கிச்சிலிச் சம்பா என்று தங்கள் பெயரால் அழைத்தார்கள். அதையும் எழுதுங்கள்.

தமிழில் எழுதுபவர் விழும் குழி ஒன்று இங்கே உண்டு. கரும்பு இரகங்களுக்கும் முன்னொட்டு ‘கோ’தான். 1918-இல் வெளிவந்த கோ 205, இன்று தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக உள்ள கோ 86032 ஆகியவை கரும்பு இனவிருத்தி நிறுவனத்தின் படைப்புகள், கல்லூரியுடையவை அல்ல. 1912-இல் சி.ஏ. பார்பரின் தலைமையில் தொடங்கி, டி.எஸ். வெங்கட்ராமனின் கைகளில் வளர்ந்த அந்த நிறுவனம், கல்லூரிக்கு அண்டை வீடு. 1969-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது கரும்புக்கு இரண்டாம் எழுத்து சிறியதாகவும் பிற பயிர்களுக்குப் பெரியதாகவும் இருக்கும். தமிழில் அந்த வேறுபாடு மறைந்து இரண்டுமே ‘கோ’ ஆகிவிடுகின்றன. ஆகவே தமிழ் மலர்களில் கோ 205 கல்லூரியின் சாதனையாக ஏறிவிடுகிறது. இதே குழப்பம் மனிதர்களிலும் நேர்கிறது: 1930-களில் கோயம்புத்தூரில் பணியாற்றிய உயிரணு மரபியலாளர் ஜானகி அம்மாள் இருந்தது கரும்பு நிலையத்தில். வளாகத்தின் சுவரையும் நிறுவனத்தின் எல்லையையும் ஒன்றென்று எண்ணாதீர்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவையும் வேறு வீடுதான்.

தோட்டக்கலைக் கல்லூரியின் வரலாற்றை எழுதுவோருக்குப் பெரியகுளம் நல்ல பாடம். அங்கே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வந்தது 1957-இல். கல்லூரி வந்தது 1990-இல். உலகின் பல நாடுகளுக்குப் போய்விட்ட பிகேஎம் 1 செடிமுருங்கை வெளியானது 1989-இல். பிகேஎம் முருங்கையைக் கல்லூரியின் குழந்தை என்று எழுதினால், தாயைவிடக் குழந்தை ஓராண்டு மூத்ததாகிவிடும். இன்னும் ஒரு படி பின்னால் போனால், அந்த முருங்கை தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தெரியும். வேறு யாராவது இட்டிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய பெயர், ஊர்க்காரர்களே இட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இரகத்துக்கும் வெளியான ஆண்டு, வெளியிட்ட நிலையம், அதன் தாய் எந்த ஊரிலிருந்து வந்தது என்னும் மூன்றையும் எழுதினால், கல்லூரிக்கும் ஊர்களுக்கும் இடையே விதை போய்வந்த பாதை தானே தெரியவரும்.

மனிதர்கள்

முதல்வர்களின் வரிசை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அவர்களுள் கல்லூரியின் போக்கை மாற்றியவர் இருவர் மூவரே இருப்பர். அவர்களைப் பற்றி மட்டும் உரிய இடத்தில் விரிவாக எழுதினால் போதும். புகழ்பெற்ற பழைய மாணவர் விஷயத்திலும் அளவு வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் விலங்கியல் பட்டத்துக்குப் பின் கோயம்புத்தூரில் படித்து 1944-இல் பட்டம் பெற்றார். அது உண்மை, பெருமைக்கும் உரியது. ஆனால் அவருடைய பிற்காலச் சாதனைகளை எல்லாம் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்தால், அது அவருடைய வாழ்க்கை வரலாறாகிவிடும். 1940-களில் அந்த வகுப்பில் என்ன பாடம் நடந்தது, செய்முறைக்கு எந்த வயல், விடுதியில் என்ன உணவு என்பவற்றை எழுதுவது கல்லூரி வரலாற்றின் வேலை. நெல் ஆராய்ச்சியில் அங்கே வளர்ந்து, பின்னர் கட்டாக்கில் 1946-இல் அமைந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கச் சென்ற கே. ராமையா போன்றவர்கள் விழா மேடைகளில் குறைவாகவே நினைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு இடம் தரலாம்.

மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் இரண்டு செய்திகளைக் கட்டாயம் தேடுங்கள்: பெண்கள் எந்த ஆண்டு சேரத் தொடங்கினர், மாணவர்களின் தந்தையருள் உழவர் எத்தனை பேர். பணியமர்வுப் பதிவேட்டில் ஒரு செய்தி: படித்தவர்களில் எத்தனை பேர் உழவுக்குத் திரும்பினர், எத்தனை பேர் அரசுப் பணிக்குப் போயினர். வேளாண் கல்லூரிகளைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. சங்கடமான விடை வந்தாலும் அதை எழுதுவதற்கு மலரில் இரண்டு பத்தி ஒதுக்க விழாக் குழுவிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் வரிசை

பொருள் சேர்ந்தபின், நிலம், விதை, மனிதர், கட்டடம், சட்டம் என்னும் வரிசையில் எழுதுமாறு சொல்வேன். கட்டடமும் சட்டமும் ஆவணமாக எளிதில் கிடைப்பதால் அவற்றை முதலில் எழுதத் தோன்றும். முதலில் எழுதியது நீண்டுவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போடுவது நல்லது. ஒவ்வோர் எண்ணுக்கும் கையெழுத்துப் படியின் ஓரத்தில் கோப்பு எண்ணை எழுதுங்கள். அச்சில் அது வராமல் போகலாம். அடுத்த விழாவுக்கு எழுதப்போகிறவருக்கு அது வேண்டும். ஒளிப்படங்களில், நாற்காலியில் இருப்பவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பின்வரிசையில், கை கட்டி ஓரத்தில் நிற்பவர்களின் பெயர்களைக் கேட்டு எழுத அந்த மேஸ்திரியிடமே போக வேண்டியிருக்கும்.

மெய்ப்புத் திருத்தத்தை மூன்று முறை தனித்தனியாகச் செய்யுங்கள்: ஒருமுறை ஆண்டுகளை மட்டும், ஒருமுறை இரகப் பெயர்களை மட்டும், ஒருமுறை மனிதப் பெயர்களை மட்டும். ஒரே வாசிப்பில் மூன்றையும் பார்க்க முயன்றால், கோ 51 நெல் கோ 15 ஆகி அச்சேறும். அது எந்த அகராதிக்கும் பிழையாகத் தெரியாது, வயலில் நிற்பவருக்கு மட்டும் தெரியும். மலர் வந்தபின் ஒரு படியை ஆவணக்காப்பகத்துக்கும், ஒரு படியைக் கன்னிமாராவுக்கும், கோப்பு எண்கள் எழுதிய கையெழுத்துப் படியைக் கல்லூரி நூலகத்துக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒளிப்படம் எடுத்த பதிவேடுகளை, மாடிப்படிக்குக் கீழே மீண்டும் போகாதபடி, ஒரு தகரப் பெட்டியில் வேப்பிலையோடு வைத்து, மேலே பசலி ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் எழுதிப் பூட்டச் சொல்லுங்கள்.